பேறுகால வேதனையும் பேரீச்ச மரமும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

தாயின் கருவறை இருளில் நம்மை உருவாக்கி, நாம் வெளிவரும் வழியையும் எளிதாக்கித் தந்த வல்ல நாயன் அல்லாஹ்வுக்கே புகழனைத்தும். ஸலவாத்தும் ஸலாமும் பெண்குலத்தின் துயர் துடைத்த பெருமானார் (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



சென்னையிலிருந்து செங்கற்பட்டு போகும் ரயில் பாதையில் சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கினால், அங்கிருந்து ஒரு சாலை ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூருக்குப் போகிறது. கார், லாரி, டயர், செல்போன் என்று பலவும் உற்பத்தியாகும் தொழிற்சாலைகள் நிறைந்த பாதை அது. இரவென்றும் பகலென்றும் பாராமல் கம்பெனி பஸ்கள் ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும். அவர்களில் நம் பிள்ளைகளும் நிறையப் பேர். தெற்கேயிருந்து பிழைக்க வந்து, ஒற்றை அறை வாடகை வீட்டில் இளம் மனைவியோடு குடித்தனம் நடத்துகிறவர்கள்.

அப்படிப்பட்ட ஒரு வாலிபர், ஜும்ஆ முடிந்து கூட்டம் கலைந்த பிறகு என்னிடம் தயங்கித் தயங்கி வந்தார். "ஹஜ்ரத், எனக்கு ஊர் கடையநல்லூர். வீட்டில் ஒன்பதாம் மாதம், தலைப்பிரசவம். அவளுக்கு உம்மா இல்லை, மவுத்தாகிவிட்டார்கள். அதனால் ஊருக்கு அனுப்பவில்லை. இங்கேயே அரசாங்க ஆஸ்பத்திரியில்தான் பார்க்கிறோம். முதுகில் ஊசி போட்டால் பிரசவ வலி தெரியாதாமே, அது மார்க்கத்தில் கூடுமா? கூடினாலும் அந்த ஊசி இங்கே கிடையாதாம். பெரிய தனியார் ஆஸ்பத்திரிக்குப் போக எனக்கு வசதியில்லை. அவளோ பயந்துபோய் ராத்திரியெல்லாம் அழுகிறாள். என்ன ஓதச் சொல்லட்டும்?" என்று கேட்டார்.

"ஸபுர் செய்யச் சொல்லுங்கள் தம்பி. ஸூரத்து மர்யம் ஓதச் சொல்லுங்கள். அல்லாஹ் லேசாக்குவான்" என்றேன். அவரும் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றிரவு இதை வீட்டில் சொன்னபோது என் மனைவி சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "மர்யம் ஸூராவை ஓதச் சொன்னீர்களே, அதில் என்ன இருக்கிறது என்று சொன்னீர்களா?" என்று கேட்டாள். சற்றுப் பொறுத்து அவளே தொடர்ந்தாள்: "நம் மூத்த பிள்ளை பிறந்தபோது நீங்கள் வராந்தாவில் தஸ்பீஹோடு நின்றீர்கள். நான் உள்ளே தனியாகக் கிடந்தேன். ஓர் ஆயாம்மா வந்து என் இடுப்பைத் தேய்த்துவிட்டு, பயப்படாதே மகளே என்றார்கள். அவர்கள் பேர்கூட எனக்குத் தெரியாது. இன்றைக்கும் ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் அவர்களுக்காக துஆச் செய்கிறேன்."

சகோதரர்களே! மதரஸாவில் ஆண்டுக்கணக்கில் தஃப்ஸீர் ஓதிய எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அந்த வாலிபருக்கு நான் சொன்னது பிழையல்ல. ஆனால் அது பாதிப் பதில். மீதிப் பாதியை அவருக்கும் உங்களுக்கும் சொல்லவே இதை எழுதுகிறேன்.

வேதனை தண்டனையன்று

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். நம் அன்னை ஹவ்வா செய்த பிழைக்குத் தண்டனையாகவே பெண்கள் பிரசவ வேதனைப்படுகிறார்கள் என்று நம் வீடுகளிலும் சிலர் பேசக் கேட்கிறோம். இது திருக்குர்ஆன் சொன்ன பேச்சன்று. ஆதம் (அலை), ஹவ்வா (அலை) இருவருமே தவறினார்கள்; இருவரும் சேர்ந்தே மன்னிப்புக் கேட்டார்கள்; அல்லாஹ் தவ்பாவை ஏற்றுக்கொண்டான் என்றுதான் திருமறை கூறுகிறது. மன்னிக்கப்பட்ட குற்றத்துக்கு மகள்மார் வழிவழியாகத் தண்டனை அனுபவிக்க வேண்டும் என்பது ரஹ்மானின் நீதிக்கே பொருந்தாது.

1847-ல் எடின்பரோ நகரத்து டாக்டர் ஸிம்ப்ஸன் என்பவர் பிரசவ வேதனையைத் தணிக்கக் குளோரோபாரம் என்னும் மருந்தைக் கையாண்டார். வேதனை இறைவன் விதித்தது, அதைத் தணிக்கலாகாது என்று சிலர் ஆட்சேபம் கிளப்பவே, அவர் அதற்கு மறுப்பு எழுத வேண்டியதாயிற்று. நம் மார்க்கத்தில் அப்படியொரு வழக்குக்கே இடமில்லை.

அப்படியானால் இவ்வேதனையை நம் மார்க்கம் எவ்வாறு பார்க்கிறது? தாய் பலவீனத்துக்கு மேல் பலவீனமுற்று நம்மைச் சுமந்தாள், சிரமத்தோடு பெற்றெடுத்தாள் என்று ஸூரா லுக்மானிலும் ஸூரா அஹ்காஃபிலும் அல்லாஹ் நினைவூட்டுகிறான். அந்த நினைவூட்டல் முக்கியமாகப் பிள்ளைகளாகிய நமக்கு. தாயின் வேதனை நம் மீது ஏறி நிற்கும் கடன் என்பது அதன் கருத்து. எமன் நாட்டவர் ஒருவர் தம் தாயை முதுகில் சுமந்து கஅபாவை வலம் வந்தார். "நான் என் தாய்க்குக் கைம்மாறு செய்துவிட்டேனா?" என்று இப்னு உமர் (ரலி) அவர்களிடம் கேட்டார். பிரசவத்தில் அவள் விட்ட ஒரு பெருமூச்சுக்குக்கூட இது ஈடாகாது என்ற கருத்தில் அவர்கள் பதிலளித்ததை இமாம் புகாரி (ரஹ்) அல்-அதபுல் முஃப்ரதில் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஒரு முஸ்லிமுக்கு ஒரு முள் குத்தினாலும் அதற்குப் பகரமாக அவர் பாவம் மன்னிக்கப்படுகிறது என்பது நபிமொழி. பிரசவத்தில் உயிர் துறப்பவளும் ஷஹீத் என்று நபி (ஸல்) அவர்கள் நற்செய்தி சொன்னார்கள். ஒரு வலிக்கு இத்தனை அடிமைகளை விடுதலை செய்த நன்மை என்றெல்லாம் மேடைகளில் கணக்குச் சொல்வோர் உண்டு. ஆதாரமில்லாத அந்தக் கணக்குகள் நமக்குத் தேவையில்லை; ஆதாரமுள்ளவையே நம் பெண்களுக்குப் போதும்.

மர்யம் ஸூரா சொல்வது என்ன?

இப்போது என் மனைவி கேட்ட கேள்விக்கு வருவோம். அன்னை மர்யம் (அலை) அவர்கள் தன்னந்தனியே தொலைவான ஓரிடத்துக்குப் போய்விட்டார்கள். பிரசவ வேதனை அவர்களை ஒரு பேரீச்ச மரத்தடிக்குக் கொண்டு சேர்த்தது. அவ்வமயம் அவர்கள், இதற்கு முன்பே நான் மரித்து அடியோடு மறக்கப்பட்டிருக்கக் கூடாதா என்று புலம்பினார்கள்.

சற்றே நில்லுங்கள். சொன்னவர் யார்? அகிலத்துப் பெண்களுக்கெல்லாம் மேலாக அல்லாஹ் தேர்ந்தெடுத்தவர். அவர்களே வேதனையில் அப்படிப் புலம்பினார்கள் என்றால், நம் மகள் "உம்மா, என்னால் முடியலையே" என்று கதறுவதில் என்ன குறை? அந்தப் புலம்பலுக்காக அல்லாஹ் அவர்களைக் கண்டிக்கவில்லை. ஆனால் நாம் கண்டிக்கிறோம். "சத்தம் போடாதே", "நாங்களெல்லாம் பெறவில்லையா", "உலகத்தில் உனக்கு மட்டுமா பிரசவம்" என்று அந்த நேரத்தில் ஏசுகிறவர்கள் இந்த ஆயத்தை ஒரு முறை சிந்திக்க வேண்டும்.

அடுத்து நடந்ததைப் பாருங்கள். கீழிருந்து ஒரு குரல் அழைத்தது. அது வானவர் ஜிப்ரீலின் குரல் என்றும், குழந்தை ஈஸாவின் குரல் என்றும் முஃபஸ்ஸிரீன்கள் இரு விதமாக விளக்குவர். எவர் குரலாயினும் அது முதலில் சொன்னது, கவலைப்படாதீர் என்பதே. பிறகு, உமக்குக் கீழே இறைவன் ஒரு நீரோடையை உண்டாக்கியிருக்கிறான் என்றது. மரத்தின் அடியைப் பிடித்து உம் பக்கமாக உலுக்கும், கனிந்த பழம் விழும் என்றது. உண்பீர், பருகுவீர், கண்குளிர்வீர் என்றது.

ஆறுதல் சொல்லும் ஒரு குரல், பருக நீர், உண்ணப் பழம், பிடித்துக்கொள்ள ஒரு மரம், கைக்கு ஒரு வேலை. எவருமில்லாத பாலையில் தன் அடியாளுக்கு அல்லாஹ் ஏற்பாடு செய்த பிரசவ அறை இதுதான். ஸபுர் செய் என்று சொல்லிவிட்டு அவன் அவர்களைத் தனியே விட்டுவிடவில்லை. நான் அந்த வாலிபரிடம் சொல்லத் தவறியது இதுவே.

ஊசி இல்லாத இடத்தில்

அந்த ஊசிக்கு எபிடூரல் என்று பெயர். முதுகுத்தண்டின் அருகே நுண்ணிய குழாய் வழியாக மருந்து செலுத்தி இடுப்புக்குக் கீழே வலியை மரக்கச் செய்வது. அதற்கு மயக்க மருந்து டாக்டர் பிரசவம் முடியும் வரை கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். ஆகவேதான் ஆரம்ப சுகாதார நிலையங்களில் அதை எதிர்பார்க்க முடிவதில்லை. நம் பெண்களில் மிகப் பெரும்பாலோர் அதில்லாமலேயே பெறுகிறார்கள். அவர்கள் என்ன செய்யலாம்?

பயம்தான் முதல் எதிரி. பயந்தால் உடல் இறுகும், இறுகினால் வலி கூடும், வலி கூடினால் பயமும் கூடும் என்று இங்கிலாந்து டாக்டர் டிக்-ரீட் என்பவர் 1933-ல் எழுதினார். பயத்தைப் போக்க நடக்கப்போவதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். கர்ப்பப்பையின் வாய் 10 சென்டிமீட்டர் விரிய வேண்டும். 5 சென்டிமீட்டர் விரிந்த பிறகும் தலைப்பிரசவத்தில் 12 மணி நேரம் வரை ஆகலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. ஆனால் அத்தனை மணி நேரமும் விடாமல் வலிப்பதில்லை. வலி அலைபோல் எழும், ஏறக்குறைய ஒரு நிமிடம் நிற்கும், பிறகு தணியும். தாங்க வேண்டியது அந்த ஒரு நிமிடத்தை. அடுத்து வருவது ஓய்வு.

அதே வழிகாட்டி வலி தணிக்கச் சொல்லும் வழிகள் எளியவை. படுத்தே கிடக்காமல் நடப்பது, உட்காருவது, எதையாவது பிடித்துக்கொண்டு நிற்பது; மூச்சை நிதானமாக இழுத்து நீளமாக விடுவது; இடுப்பையும் முதுகையும் தேய்த்துவிடுவது; சூடு தாங்கும் அளவில் வெந்நீர் ஒற்றடம் கொடுப்பது; சிக்கலில்லாத பிரசவமானால் தண்ணீரும் இலேசான உணவும் கொடுப்பது; இடைவிடாமல் ஒருவர் கூட இருப்பது. டாக்டரோ நர்ஸோ சொல்லும் முன் முக்கக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள். மர்யம் ஸூராவை மனத்தில் வைத்துக்கொண்டு இந்தப் பட்டியலை மறுபடி வாசியுங்கள். உங்கள் ஈமான் சந்தோஷப்படும்.

பழத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜோர்டான் நாட்டில் நடந்து 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், 69 பெண்கள் கடைசி நான்கு வாரம் நாளொன்றுக்கு 6 பேரீச்சம்பழம் சாப்பிட்டார்கள். சாப்பிடாத 45 பேரைவிட, ஆஸ்பத்திரியில் சேரும்போது அவர்களுக்குக் கர்ப்பப்பை வாய் கூடுதலாக விரிந்திருந்தது. சிறிய ஆய்வுதான், ஆயினும் பயனுள்ள செய்தி. சர்க்கரை நோயுள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டே சாப்பிட வேண்டும்.

ஓதுவதற்கும் ஒரு முறை உண்டு. உடலில் வலி கண்ட உஸ்மான் இப்னு அபில் ஆஸ் (ரலி) அவர்களிடம், வலிக்கும் இடத்தில் கையை வைத்து மூன்று முறை பிஸ்மில்லாஹ் சொல்லி, ஏழு முறை அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடும்படி நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தது ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. வலி எழும்போது இதை நீண்ட மூச்சோடு சேர்த்து ஒவ்வொன்றாக ஓதிப் பார்க்கட்டும். ஏழு முடிவதற்குள் அந்த அலையின் உச்சம் பெரும்பாலும் கடந்திருக்கும். வாய் ஓடாவிட்டால் "யா அல்லாஹ்" என்ற ஒரு சொல் போதும். யூனுஸ் நபி (அலை) மீன் வயிற்று இருளில் அழைத்ததைக் கேட்டவன் அவன்.

கலீஃபாவின் அடுப்பு

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஓரிரவு மதீனாவுக்கு வெளியே ஒரு கூடாரத்தைக் கண்டார்கள். வாசலில் ஒரு மனிதர். உள்ளே ஒரு பெண்ணின் முனகல். விசாரித்தால் மனைவிக்குப் பிரசவ வேதனை, கூடத் துணைக்கு எவருமில்லை. உடனே வீடு திரும்பிய கலீஃபா, "அல்லாஹ் உன்னைத் தேடி ஒரு நன்மையைக் கொண்டு வந்திருக்கிறான், வருகிறாயா?" என்று தம் மனைவி உம்மு குல்தூம் (ரலி) அவர்களைக் கேட்டார்கள். அவர் அலீ (ரலி), பாத்திமா (ரலி) தம்பதியரின் அருமை மகள், பெருமானாரின் பேத்தி. அவர் உள்ளே சென்று பிரசவம் பார்த்தார். அமீருல் முஃமினீன் வெளியே அடுப்பு மூட்டி, ஊதி, தாடியினூடே புகை பரவ உணவு சமைத்தார்கள். உள்ளேயிருந்து, "அமீருல் முஃமினீன் அவர்களே! உங்கள் தோழருக்கு ஆண் குழந்தை என்று நற்செய்தி சொல்லுங்கள்" என்று குரல் வந்தபோதுதான், தன் முன்னே அடுப்பு ஊதிக்கொண்டிருப்பவர் யாரென்று அந்த மனிதருக்குத் தெரிந்ததாம். வரலாற்று நூல்கள் சொல்லும் சம்பவம் இது.

பிரசவத்துக்குத் துணை போவது இழிந்த வேலையன்று என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? பெருமானாரின் மகனார் இப்ராஹீம் பிறந்தபோது மருத்துவச்சியாக இருந்தவர் ஸல்மா (ரலி) என்னும் ஸஹாபிப் பெண்மணி. ஹனஃபீ மத்ஹபில் குழந்தை பிறந்ததற்கு ஒரே ஒரு மருத்துவச்சியின் சாட்சியம்கூட ஏற்கப்படுகிறது. அப்பணிக்கு அவ்வளவு கண்ணியம்.

இன்றைய ஆராய்ச்சியும் அதையே சொல்கிறது. பல நாடுகளில் 15,000-க்கு மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் வெளியிட்டார்கள். இடைவிடாத துணை இருந்தவர்களுக்குச் சுகப்பிரசவம் அதிகம், ஆபரேஷன் குறைவு, வேதனை நேரமும் குறைவு என்று கண்டார்கள். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பிரசவ அறைக்குள் ஒரு பெண் துணையாக இருக்கலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2016-ல் அனுமதி வழங்கியிருக்கிறது. தமிழகம் அதற்கும் முன்பே அதைத் தொடங்கிவிட்டது. ஆனால் நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இரு பக்கத் தவறுகள்

ஊசி கூடுமா என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியிருக்கிறார்கள். டாக்டர் தகுதியென்று சொல்லி, வசதியும் இருந்தால், வலி தணிக்கும் ஊசி போட்டுக்கொள்வதில் குற்றமில்லை. அதனால் அவள் தாய்மையின் நன்மையில் எள்ளளவும் குறையாது. இல்லாதவள் தாங்கினால் அதற்கும் கூலி உண்டு. ஒருத்தியைக் காட்டி மற்றவளை இகழ்வதே குற்றம். அதுபோல, வலிக்கு அஞ்சி மட்டுமே ஆபரேஷனைக் கேட்டு வாங்குவதும் அறிவுடைமையன்று. 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பிரசவங்கள் ஆபரேஷன். அவற்றில் உயிர் காத்தவை பல உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் அவசியமில்லாத ஆபரேஷனின் வலி பிரசவத்துக்குப் பிறகுதான் தொடங்குகிறது.

மறு பக்கத் தவறு இதைவிடக் கொடியது. தவக்குல் என்ற பெயரில் ஆஸ்பத்திரியே வேண்டாம் என்பது. 2018-ல் திருப்பூரில், வீடியோ பார்த்து வீட்டிலேயே நடத்திய பிரசவத்தில் உதிரம் நிற்காமல் ஓர் இளம் தாய் இறந்தாள். 2025 ஏப்ரலில் கேரளத்து மலப்புரம் மாவட்டத்தில், வீட்டிலேயே ஐந்தாம் பிரசவம் நடந்த நம் சமுதாயப் பெண்ணொருத்தி அதே உதிரப்போக்கில் மாண்டாள், கணவர் கைதானார். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வை என்ற பெருமானாரின் உம்மத்தா நாம்? மரத்தை உலுக்காமலே பழத்தை விழச் செய்ய அல்லாஹ்வுக்கு முடியாதா? இருந்தும் உலுக்கச் சொன்னான். முயற்சியை விடாதே என்பதற்காக. ஷஹீத் என்ற பதவி, காப்பாற்ற முயன்றும் கைமீறிப் போனவளுக்கு அல்லாஹ் தரும் ஆறுதல். காப்பாற்றாமல் விட்டவர்களுக்கு அது சாக்கு ஆகாது. உதிரம் கண்டாலும், வலிப்பு வந்தாலும், கண் மங்கி மண்டையிடித்தாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலும் ஒரு நிமிடமும் தாமதியாமல் 108-ஐ அழையுங்கள்.

தொழுகையின் சட்டம்

பலர் கேட்கும் ஒரு மஸ்அலா: குழந்தை பிறக்கும் முன் வேதனையோடு கசியும் நீரும் உதிரமும் நிஃபாஸ் ஆகாது. ஆகவே அதுவரை தொழுகை கடமை நீங்குவதில்லை. நிற்க முடியாதவள் உட்கார்ந்தும், உட்கார முடியாதவள் படுத்துச் சாடையாலும் தொழலாம். வேதனையின் கடுமையால் அதுவும் இயலாது போனால், சுத்தமான பிறகு அதைக் களாச் செய்யட்டும். அந்த நேரத்தில் அவளை விரட்டிக் குற்றஞ்சாட்ட வேண்டாம். மார்க்கம் கொடுத்த சலுகையை நாம் பறிக்கலாகாது.

மஹல்லாவின் கடமை

சகோதரர்களே! முன்பெல்லாம் தலைப்பிரசவம் என்றால் தாய் வீடு. சுற்றிலும் பாட்டி, பெரியம்மா, மாமி. இன்று பிழைப்புத் தேடி வந்த ஊரில், கணவன் நைட் ஷிப்டில் இருக்கும் வேளையில் வலி எடுக்கிறது. அந்தப் பெண்ணுக்கு மஹல்லாதான் தாய் வீடாக வேண்டும். பிள்ளை பெற்று அனுபவமுள்ள, தைரியமான நான்கைந்து தாய்மார்களின் பெயரும் போன் நம்பரும் ஒவ்வொரு ஜமாஅத்திலும் இருக்கட்டும். இரவில் கூப்பிட்டால் வரும் ஒரு ஆட்டோக்காரரும் இருக்கட்டும். மாதம் நெருங்கிய பெண்ணை அவர்கள் முன்கூட்டியே சந்தித்துப் பழகட்டும். கணவன்மார் அந்த மாதத்தில் ஷிப்டை மாற்றிக் கேளுங்கள். மறுத்தால் மறுபடியும் கேளுங்கள். இதற்குப் பெரிய நிதி வேண்டியதில்லை, மனம்தான் வேண்டும்.

மறுநாளே அந்த வாலிபரைத் தேடிப் பிடித்து மீதிப் பதிலையும் சொன்னேன். எங்கள் தெருவில் ஐந்து பிள்ளை பெற்ற ஒரு பெரியம்மா, "அந்தப் புள்ளைக்கு நான் உம்மாவா இருக்கேன்" என்று தாமாகவே முன்வந்தார். மூன்றாம் வாரம் அவரே கூட இருந்து பார்த்தார். விடிய விடிய வேதனை; ஃபஜ்ருக்குச் சற்று முன் பெண் குழந்தை, சுகப்பிரசவம். அல்ஹம்து லில்லாஹ்.

அகீகாவுக்கு அழைக்க வந்தபோது அவர் சொன்னார்: "ஹஜ்ரத், வலி தெரியவில்லை என்று அவள் சொல்லவில்லை. ரொம்ப வலித்தது, ஆனால் ஒரு நிமிடம்கூட நான் தனியாக இல்லை என்றுதான் சொன்னாள்."

யா அல்லாஹ்! பேறுகாலத்தை எதிர்நோக்கும் எங்கள் பெண்மக்களுக்குச் சுகப்பிரசவத்தை அருள்வாயாக! அவர்களின் ஒவ்வொரு பெருமூச்சையும் நன்மையாக எழுதுவாயாக! அவர்கள் வேதனைப்படும் வேளையில் அருகே நிற்கும் கருணையை எங்கள் உள்ளத்தில் ஊட்டுவாயாக! பெயர் தெரியாத அந்த ஆயாம்மாவுக்கு நேர்வழியையும் நல்வாழ்வையும் தருவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.